தழை வாங்கும்போது கட்டின் நடுவைப் பாருங்கள்

“கொத்தமல்லி வாங்கினால் இரண்டே நாளில் அழுகிப் போகிறது. அதனால் வாங்குவதையே விட்டுவிட்டேன்.” உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. பெரும்பாலானோர் ஃப்ரிட்ஜைத்தான் குறை சொல்வார்கள். எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வரும்: நன்றாக நனைந்து, பளபளவென்று நிமிர்ந்து நின்ற கட்டைப் பார்த்து, இப்போதுதான் பறித்தது என்று நம்பி எடுத்திருப்பார்கள்.

தண்ணீர் தெளிப்பது ஏமாற்று வேலை இல்லை. பறித்த பிறகும் இலை சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, நீரை இழக்கிறது. மெல்லிய இலைகளில் இது வேகமாக நடக்கும் என்பதால் விற்பவர்கள் தெளித்தாக வேண்டும். ஆனால் அந்த ஈரத்தை வைத்து நாம் இலையின் வயதைக் கணிக்கக் கூடாது. வாடிய இலையும் நீர் பட்டால் கொஞ்ச நேரம் விறைத்து நிற்கும். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் போன நீரோ வெளியேற வழியில்லாமல் தேங்கி, உள்ளே இருப்பதை அழுக வைக்கும்.

ஆகவே கட்டைக் கையில் எடுத்ததும் நுனியை விட்டுவிட்டு, ரப்பர் பேண்டோ நூலோ கட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு விரல்களால் மெதுவாக விலக்கினால் போதும். அநேகமாக முதலில் கெடுவது அந்த இடம்தான். தண்டு நசுங்கி, நீர் கோத்து, கருத்த பச்சையில் தெரிந்தாலோ, விரலில் வழவழப்பு ஒட்டினாலோ திரும்ப வைத்துவிடுங்கள். நசுங்கிய இடத்தில் கசியும் சாறு பாக்டீரியாவுக்குத் தீனி. அழுகல் அங்கிருந்து பக்கத்து இலைகளுக்கும் பரவிவிடும். அப்புறம் தண்டின் வெட்டுவாய். வெளிர்பச்சையாக, ஈரமாக இருந்தால் புதியது. பழுப்பேறிக் காய்ந்திருந்தால் வெட்டிச் சில நாள் ஆகியிருக்கும். வேரோடு இருக்கும் கொத்தமல்லி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன், நுனி வாடாமல் கூடுதலாகத் தாங்கும். வேரில் ஒட்டிய மண் இலையில் படாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். கட்டின் நடுப்பகுதியை முகர்ந்தால் அந்தத் தழைக்கே உரிய வாசனை வர வேண்டும். தேங்கிய தண்ணீரின் நாற்றமோ புளித்த வாடையோ லேசாக வந்தாலும் வேண்டாம்.

எல்லாத் தழைக்கும் ஒரே அளவுகோல் செல்லாது. கொத்தமல்லியிலும், அதைப் போலவே இருக்கும் பார்ஸ்லியிலும் இலைகள் மஞ்சளாவது முதுமையின் அடையாளம். கொத்தமல்லியில் மேலிலைகள் நூல் நூலாகப் பிரிந்து, பூமொட்டு தெரிந்தால் செடி பூக்கத் தொடங்கிவிட்டது. சாப்பிடலாம், ஆனால் இலை குறைவாகவும் வாசனை மாறியும் இருக்கும். புதினாவை வாங்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், ஆரஞ்சு நிறப் பொட்டுகள் இருந்தால் அது துரு நோய். துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் குளிர் தாங்காது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் இலையில் கரும்புள்ளிகள் விழும், அதனால் வீட்டிலும் அதை ஃப்ரிட்ஜில் வைக்காமல் தண்ணீர் ஊற்றிய டம்ளரில் வெளியே நிறுத்தி வையுங்கள். ரோஸ்மேரி, தைம் போன்ற கெட்டியான இலைகள் பல நாள் தாங்கும். லேசாக உலுக்கும்போது இலைகள் பொலபொலவென்று உதிராமல் இருந்தால் சரி.

தேவையில்லாமல் ஒதுக்கப்படுகிற கட்டுகளும் உண்டு. இலையில் வெள்ளையாக வளைந்து ஓடும் கோடு ஒரு சிறு பூச்சியின் புழு குடைந்த தடம். அந்த இலையைக் கிள்ளிவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். அதே சமயம், ஓட்டை இருந்தால் மருந்தடிக்காதது என்று பலர் தேடி எடுக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. மருந்து அடிப்பதற்கு முன்பே பூச்சி கடித்திருக்கலாம்.

பிளாஸ்டிக் பெட்டியில் வருவதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் கருத்த இலையோ தேங்கிய நீரோ இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் உட்புறம் நீர்த்துளிகள் நிறைய கோத்திருந்தால் குளிர் சீராக இருந்திருக்காது. தேதி நன்றாக இருந்தாலும் அந்தப் பெட்டியை நான் எடுக்க மாட்டேன்.

தழையைக் கடைசியாக வாங்குங்கள். பச்சை இறைச்சி, மீன் இருக்கும் பையில் போடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, அழுகியதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கழுவாமல் உலர்ந்த துணியிலோ டிஷ்யூவிலோ தளர்வாகச் சுற்றி, பேசில் தவிர மற்றதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வேண்டாம், அவை வெளிவிடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். கழுவுவதைப் பயன்படுத்தும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் நீரில் கழுவினால் அவை குறையும், முழுவதும் போகாது. சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி குளோரின் கலந்த நீருக்குக்கூட அசைந்து கொடுக்காது. சூடு ஒன்றுதான் நம்பகமானது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு நான் சொல்வது இதுதான்: அடுப்பை அணைத்த பிறகு தழையைத் தூவாதீர்கள். கொதிக்கும்போதே போட்டு நன்றாக வேக விடுங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதும் சிலருக்கு மருத்துவ விஷயம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்ளும் ஒருவர் ஆலோசனைக்கு வந்திருந்தார். பெரிய பார்ஸ்லிக் கட்டாக வாங்குவார். கெட்டுவிடுமே என்று ஒன்றிரண்டு நாளில் அரைத்துக் குடித்து முடித்துவிடுவார், அடுத்த வாரம் தொடவே மாட்டார். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அவருடைய ஐஎன்ஆர் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 100 கிராம் பார்ஸ்லியில் சுமார் 1,640 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்குப் போதுமானதாகச் சொல்லப்படும் அளவோ பெண்களுக்கு 90, ஆண்களுக்கு 120 மைக்ரோகிராம்தான். வார்ஃபரினின் வேலையை வைட்டமின் கே எதிர்க்கும். தழையை நிறுத்தச் சொல்லவில்லை. சின்னக் கட்டாக வாங்கி, தினமும் ஏறக்குறைய ஒரே அளவு சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். இந்த மாத்திரை எடுப்பவர்கள் தழையைக் கூட்டுவதாக இருந்தாலும் குறைப்பதாக இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரத்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்று அவர் முடிவு செய்வார்.