அணை அடைத்த பின்னும் ஓடும் நீர்

கடந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தூய்மைப் பணிக்கு அழைத்திருந்தார்கள். நாகர்கோவில் நகருக்குள் ஓடும் சானல் (பாசனக் கால்வாய்) ஒன்றில் இளைஞர்கள் இறங்கி ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, கரையோர வீட்டுக்காரர் எல்லோருக்கும் சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மதிற்சுவரின் அடியிலிருந்து நாலு அங்குலக் குழாய் ஒன்று, வாயில் சாம்பல் நிறப் பிசுக்குப் படிந்து, அதே சானலுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது. கேட்டபோது, "செப்டிக் டேங்க் வழியாத்தானே சார் வருது, அது சுத்தமான தண்ணிதான்" என்றார். கழிவுநீர்ப் பொறியாளனாகிய நான் இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

செப்டிக் டேங்க் சுத்திகரிப்பு நிலையம் அன்று. கசடை அடியில் தங்கவைத்து, எண்ணெய்ப் பசையை மேலே மிதக்கவிட்டு, நடுவில் தெளிந்ததுபோல் தோன்றும் நீரை வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. நோய்க்கிருமிகளும் நைட்ரஜனும் பாஸ்பரசும் பெரும்பாலும் அந்த நீரோடுதான் வெளியே வருகின்றன. அதை உறிஞ்சுகுழியில் விட்டு மண் வழியே வடியச் செய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான். "இருபது வருஷமா டேங்க் நிரம்பவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டிய தொட்டி இருபது ஆண்டாக நிரம்பவில்லையென்றால், அடியில் ஒழுகிப் பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறது, அல்லது கசடும் சேர்ந்தே சானலுக்குப் போகிறது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஏற்ற சூழலில் இரண்டே வாரத்தில் இருமடங்காகப் பெருகும் ஆகாயத்தாமரைக்கு அன்றாடம் உரம் போடுபவர்கள் நாம்தான். உரத்தை நிறுத்தாமல் செடியை மட்டும் இழுப்பதால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் வேலை இருக்கும், அவ்வளவே.

சந்தேகம் இருப்பவர்களுக்கு ஆய்வகம்கூடத் தேவையில்லை. கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக ஜூன் மாதத்தில் திறக்கும், சானல்களுக்கு நீர் தரும் பேச்சிப்பாறை அணையை, கும்பப்பூ என்னும் இரண்டாம் போகம் முடியும் பிப்ரவரி இறுதியில் அடைப்பது வழக்கம். அடைத்துச் சில நாட்கள் கழித்து, மழை இல்லாத ஒரு காலையில் சானல் கரையில் நில்லுங்கள். மலைத் தண்ணீர் நின்ற பிறகும் அங்கே கறுப்பாக ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் நம் வீடுகளிலிருந்து வந்த நீர். நகரத்து ஓடைகள் வழியே அதில் ஒரு பங்கு பழையாற்றுக்கும் போகிறது. அந்த ஆறு ஒழுகினசேரியையும் சுசீந்திரத்தையும் கடந்து மணக்குடியில் கடலோடு சேர்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது பறவைப் படங்களைப் பகிர்ந்து மகிழ்ந்தவர்களில், தம் வீட்டுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மக்கள் பங்கேற்பு என்பது சானலுக்குள் இறங்கும் கூட்டத்தின் அளவன்று. கேரளத்தில் 2017-இல் வரட்டாற்றை மீட்கும் முயற்சியில் மக்கள் ஆற்றுத் தடத்திலேயே கூடி நடந்தார்கள். அதுபோல மார்ச் மாதத்தில் வார்டு வார்டாகக் கரையில் நடந்து, சானலுக்குள் நீட்டியிருக்கும் குழாய்களை எண்ணிக் குறிக்க வேண்டும். யாரையும் பெயர் சொல்லி அவமானப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கோடு குடியிருப்போர் சங்கமும் மாநகராட்சியும் கீழ்மடை விவசாயிகளும் ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டும். தன் வயலுக்கு என்ன வருகிறது என்று ஒரு விவசாயி எழுந்து சொன்னால், என் ஆய்வறிக்கையைவிட அது வேகமாக உறைக்கிறது. தெருவாகச் சேர்ந்து கசடு எடுக்கும் வண்டியை அழைத்தால் செலவைப் பேசிக் குறைக்கலாம். இடமில்லாத வீடுகளுக்கு நான்கைந்து வீட்டார் சேர்ந்து பொதுவில் ஓர் உறிஞ்சுகுழி வெட்டலாம். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் அதுவும் உதவாது. அங்கே சரளைப் படுகையில் கல்வாழை நட்டு அதன் வழியே நீரை விடலாம்.

நீரைச் சோதிக்க விரும்பும் கல்லூரி மாணவர்கள் தயவுசெய்து நண்பகலில் மாதிரி எடுக்காதீர்கள். பாசி வெயிலில் உமிழும் ஆக்சிஜன் உங்களை ஏமாற்றிவிடும். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் வேண்டும். அது விடியற்காலையிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியும் சானலில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே கூடாது. மற்றவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் சானலில் இறங்கியதை அவரிடம் மறைக்காதீர்கள். இழுத்த செடியைக் கரையிலேயே குவித்தால் முதல் மழைக்கே திரும்பி வந்துவிடும். களைக்கொல்லி அடிக்கவே வேண்டாம். செப்டிக் டேங்கிற்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்காதீர்கள். அதன் வாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அடுத்த மார்ச்சில் அணை அடைத்த மறுவாரம் யார் அழைத்தாலும் சோதனைக் கருவியோடு காலை ஆறு மணிக்கு வந்து நிற்கிறேன். சுக்குக்காப்பி தந்த அந்த வீட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் குழாயிலிருந்தே நடையைத் தொடங்கலாம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.