சித்திரையில் போட்ட அளவை மார்கழியில் போடலாமா?

பொன்னேரிப் பக்கம் ஒரு மீன் பண்ணையிலிருந்து போன மார்கழியில் அழைப்பு வந்தது. "சார், குஞ்செல்லாம் செத்து மிதக்குது. தண்ணில காத்தைக் கலக்குற ஏரியேட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் பண்ணைக்காரர். மணி பிற்பகல் மூன்று. அந்த நேரத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆக்சிஜன் குறைந்து மீன் சாவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். அதிலும் பெரிய மீன்தான் முதலில் போகும். இங்கே வெயில் நேரத்தில் விரல் அளவுக் குஞ்சுகள் முதலில் போயிருந்தன.

போய்ப் பார்த்தேன். நத்தைகள் தண்ணீரை விட்டுக் கரையோரக் கல்லில் ஏறி ஒட்டியிருந்தன. ஒரு ரோகுக் குஞ்சின் செவுள் மூடியைத் தூக்கினால், சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிப்போன நிறம், மேலே கோந்து மாதிரி சளி. "பாசிக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற தாமிர உப்பு), ஐந்து கிலோ. "போன சித்திரையில இதே அளவுதான் சார் போட்டேன். பாசி போச்சு, மீனுக்கு ஒண்ணும் ஆகல. இப்ப தண்ணி ஒரு அடி ஏறியிருக்கேன்னு ஒரு கிலோ கூட்டினேன், அவ்வளவுதான்."

அவர் கணக்கில் தப்பில்லை. அரை ஏக்கர் குளம், சித்திரையில் ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 2,000 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் போட்டால் 1 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அப்போது நான்கு கிலோவுக்கு 2 பி.பி.எம். மார்கழியில் தண்ணீர் 2,600 கன மீட்டர், ஐந்து கிலோ, கிட்டத்தட்ட அதே 2 பி.பி.எம். மாறியது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்பியிருந்தது. மழைத் தண்ணீரில் காரத்தன்மை (கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு) என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. சித்திரையில் அவர் பதிவேட்டில் லிட்டருக்கு 180 மில்லிகிராம் என்று எழுதியிருந்த மொத்தக் காரத்தன்மையை அன்று கரையில் உட்கார்ந்து சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணினேன். 40 தான் வந்தது.

இந்த ஒரு எண்தான் மீனின் உயிர். தண்ணீரில் கார்பனேட் நிறைய இருந்தால் தாமிரத்தின் பெரும்பகுதி அதோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்புச் சத்து இருந்தால் செவுளில் தாமிரம் ஒட்டாமல் அதுவும் போட்டி போடும். இரண்டும் இல்லாத மென்தண்ணீரில் தாமிரம் தனி அயனியாகவே சுற்றி, நேராகச் செவுளைப் பிடிக்கும். நன்னீர் மீன் தன் ரத்தத்துக்கு வேண்டிய சோடியத்தை உள்ளே இழுப்பது செவுள் வழியாகத்தான். அந்த வேலை நின்று, உள்ளே இருக்கும் உப்பும் வெளியே கசியத் தொடங்கும். ஏரியேட்டர் எவ்வளவு ஓடினாலும் இதற்கு உதவாது.

மீன் வளர்ப்பில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு எளிது: மொத்தக் காரத்தன்மையை நூறால் வகுத்தால் வருவதுதான் மயில்துத்தத்தின் உச்ச அளவு, பி.பி.எம்-மில். 180 என்றால் 1.8; சித்திரையில் அவர் போட்ட 2 அதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஐம்பதுக்குக் கீழே போய்விட்டால் போடவே கூடாது என்பேன். ஒரு சோதனைப் பெட்டியின் விலை செத்த குஞ்சுகளின் விலையில் ஒரு துளிகூட இல்லை. பார்க்காமல் போடுவதைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே மனசு தாங்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். மயில்துத்தப் படிகத்தில் தாமிரம் கால் பங்குதான். கடையில் கிடைக்கும் திரவப் பாசிக்கொல்லிகளின் சீட்டில் அளவைத் தாமிரமாகவே சொல்லியிருக்கலாம். ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குப் போட்டால் நான்கு மடங்கு பிசகும்.

சரி, அன்றைக்கு வருவோம். பண்ணைக்காரர் பதற்றத்தில் மதகைத் திறந்து தண்ணீரை வெளியே விட ஆள் அனுப்பியிருந்தார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்யத் தோன்றும். நான் ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அந்த மதகுத் தண்ணீர் ஓடை வழியாக ஆரணி ஆற்றுக்குப் போகிறது. ஆறு போய்ச் சேருமிடம் பழவேற்காடு உப்புநீர் ஏரி.

ஐந்து கிலோ மயில்துத்தத்தில் சுமார் 1.3 கிலோ தாமிரம். அந்தக் குளத்துத் தண்ணீரில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 490 மைக்ரோகிராம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உப்புநீர் உயிர்களுக்குக் குறுகிய கால வரம்பாக வைத்திருப்பது, கரைந்த தாமிரம் லிட்டருக்கு 4.8 மைக்ரோகிராம். நூறு மடங்கு! "உப்புத் தண்ணியில தாமிரத்தோட வேகம் குறையும்தானே?" என்று சிலர் கேட்பார்கள். வளர்ந்த மீனுக்கு ஓரளவு சரி. மட்டி, ஆளி போன்ற சிப்பி வகைகளுக்கு அவற்றின் இளம்பருவத்தில் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதோடு மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளத்தால் ஏரியின் உப்பே இறங்கியிருக்கும். அந்த ஏரியில் பாடு முறையில், அதாவது முறை வைத்து இடம் பிரித்து, வலை போடும் குடும்பங்களுக்கு நம் குளத்துப் பாசியோடு என்ன சம்பந்தம்? அவர்கள் ஏன் அதற்கு விலை கொடுக்க வேண்டும்?

மதகை மூடினோம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தோம், காரத்தன்மை 200-க்கு மேல். குளத்தில் இருந்த இடமெல்லாம் நிரம்பும்வரை அதை விட்டோம். மீதி மீனில் பாதிக்கு மேல் பிழைத்தது. ஆனால் இரண்டாவது ஆபத்து அதற்கப்புறம்தான் வரும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைக் குடிக்கும். மூன்று இரவுகள் ஏரியேட்டரை அணைக்கவே இல்லை. தண்ணீர் சரியாக இருக்கும் குளத்தில்கூட ஒரே நாளில் முழுவதும் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்குப் பரப்புக்குப் போட்டுவிட்டு, பத்துப் பதினைந்து நாள் விட்டு அடுத்த பங்கு.

தாமிரம் மக்கிப் போகிற மருந்து அல்ல. தண்ணீரில் குறைந்தால் சேற்றில் கூடியிருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஃபேர்மான்ட் ஏரிகளுக்கு 58 ஆண்டுகள் தொடர்ந்து மயில்துத்தம் போட்டார்கள். கடைசியில் சேற்றில் தாமிரம் சேர்ந்தது, அடிமட்டப் பூச்சி புழுக்கள் குறைந்தன, பச்சைப் பாசி போன இடத்தில் தாமிரத்தைத் தாங்கும் நீலப்பச்சைப் பாசி வந்தது. பாசி வருவதற்குக் காரணம் தீவனமும் எருவும் மிஞ்சுவது. இந்தக் குளத்திலும் வாரம் தவறாமல் கோழி எரு விழுந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். நூல்பாசியை வலை போட்டு இழுத்தே பாதி எடுத்துவிட முடிந்தது.

தை பிறந்து, ஆய்வகத்தில் தண்ணீரைப் பார்த்த பிறகுதான் மதகைத் திறந்தார்கள். கோடையில் குளம் வற்றியதும் சேற்றை அள்ளிக் கத்தரித் தோட்டத்துக்குப் போடுவது அவர் வழக்கம். இந்த வருடம் சேற்று மாதிரியின் முடிவு வரும்வரை மண்வெட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.