ஜூனிபரின் தற்காப்பு நஞ்சுகள்

ஜின் என்னும் மதுவுக்கு மணத்தையும் பெயரையும் தந்த ஜூனிபர், சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஊசியிலைத் தாவரம். அதில் விளையும் கருநீல உருண்டைகளைப் பழம் என்று அழைத்தாலும், தாவரவியல் நோக்கில் அவை சதைப்பற்றுள்ள செதில்கள் ஒன்றிணைந்து உருவான பெண் கூம்புகளே. பொது ஜூனிபரில் இவை முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும். அத்தனை காலமும் பூஞ்சை, பூச்சி, மேயும் விலங்கு ஆகியவற்றைச் சமாளிக்க அந்தத் தாவரம் தயாரித்து வைக்கும் வேதிப்பொருள்களைத்தான் நாம் மருந்து என்று தேடுகிறோம்.

கூம்புகளை நசுக்கினால் எழும் மணம் டெர்பீன்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களுடையது. எண்ணெயில் பொதுவாக மிகுந்திருப்பது ஆல்ஃபா-பைனீன்; சாபினீன், மிர்சீன், லிமோனீன், டெர்பினென்-4-ஆல் ஆகியவையும் உண்டு. கொழுப்பில் கரையும் இம்மூலக்கூறுகள் நுண்ணுயிரியின் செல் சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டமைப்பைத் தளர்த்துவதால், உள்ளிருக்கும் பொட்டாசியம் அயனிகள் கசிந்து செல் செயலிழக்கிறது. ஆய்வகத் தட்டில் இது தெளிவாகத் தெரிந்தாலும், உடலுக்குள் அதே செறிவை எட்டுவது வேறு விஷயம். இந்த இடைவெளியை மூலிகை விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. ஐரோப்பிய மருந்துகள் முகமையும் ஜூனிபர் கூம்பைச் சிறுநீர்ப் பெருக்கத்துக்கும் செரிமானக் கோளாறுக்கும் ஏற்பது நெடுங்காலப் பயன்பாட்டை முன்னிட்டே தவிர, மருத்துவப் பரிசோதனைகளின் அடிப்படையில் அன்று. கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

மருந்தியலாளரின் கவனத்தை இதைவிட அதிகமாக ஈர்ப்பவை சில ஜூனிபர் இனங்களின் இலைகளில் உள்ள லிக்னான்கள் என்னும் தாவரச் சேர்மங்கள், குறிப்பாகப் போடோபில்லோடாக்சினும் அதன் நெருங்கிய உறவான டிஆக்சிபோடோபில்லோடாக்சினும். செல் பிரியும்போது, இரட்டிக்கப்பட்ட குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்லும் கயிறுகளாக நுண்குழல்கள் செயல்படுகின்றன; டியூபுலின் என்னும் புரத அலகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டே அக்குழல்கள் உருவாகின்றன. போடோபில்லோடாக்சின் டியூபுலினைப் பற்றிக்கொண்டு அந்த அடுக்குதலைத் தடுப்பதால், செல் பாதிவழியில் நின்று இறுதியில் மடிகிறது. (செங்காந்தள் கிழங்கின் கோல்சிசினும் டியூபுலினில் இதே இடத்தில்தான் ஒட்டுகிறது.) ஆனால் புற்று செல்லையும் குடற்சுவர் செல்லையும் இந்த நஞ்சு பிரித்தறியாது. ஆகவே இன்றும் அது பாலுறுப்பு மருக்களுக்கு மேற்பூச்சாகவே பயன்படுகிறது. சபைன் ஜூனிபரைக் கருக்கலைப்புக்காக உட்கொண்டவர்கள் உயிரிழந்த பழைய வரலாறும் உண்டு. அதில் அந்தச் செடியின் எண்ணெய்க்கும் பங்கிருக்கிறது.

வேதியியலாளர்கள் போடோபில்லோடாக்சின் மூலக்கூறின் ஓரிடத்தில் அமைப்பின் திசையை மாற்றி, ஒரு சர்க்கரைத் தொகுதியையும் இணைத்தபோது, வியப்பூட்டும் வகையில் அதன் இலக்கே மாறிப்போனது. அவ்வாறு பிறந்த எட்டோபோசைடு டியூபுலினை ஏறக்குறைய விட்டுவிட்டு, டோபோஐசோமரேஸ்-2 என்னும் நொதியைத் தாக்குகிறது. முறுக்கேறிய டிஎன்ஏ இழையை வெட்டி, முறுக்கை நீக்கி, மீண்டும் ஒட்டுவது அந்நொதியின் வேலை. எட்டோபோசைடு இருக்கும்போது வெட்டு நடக்கிறது, ஒட்டுதல் நடப்பதில்லை. இடைவிடாது பிரியும் புற்று செல்களில் இவ்வெட்டுகள் குவிந்து மரணத்தில் முடிகின்றன. 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து, விரைப் புற்றுநோய்க்கும் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்க்கும் இன்றுவரை வழங்கப்படுகிறது.

எட்டோபோசைடுக்கான மூலப்பொருளான போடோபில்லோடாக்சின் ஜூனிபரிலிருந்து அன்றி, இமயமலைப் போடோபில்லம் செடியின் வேர்த்தண்டிலிருந்தே மரபாக எடுக்கப்படுகிறது. வேர்த்தண்டைத் தோண்டினால் செடியே போய்விடும் என்பதால், மெதுவாக வளரும் அந்தச் செடி அருகிவருகிறது. ஜூனிபரில் இச்சேர்மம் உலர் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். ஆயினும் இலையைக் கத்தரித்தால் மரம் சாவதில்லை. அதோடு, போடோபில்லோடாக்சின் கொண்ட விர்ஜினியா ஜூனிபர் அமெரிக்கப் புல்வெளிகளில் களையாகவே பரவி, வெட்டி அகற்றப்பட்டும் வருகிறது.