சம்ப்: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

காரைக்குடியில் இப்போது புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதே கொத்தனார் கேட்டுவிடுகிறார்: "சம்ப் எந்தப் பக்கம் வருது?" சம்ப் என்றால் தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. கண்டனூரிலும் பள்ளத்தூரிலும் நூறு வருஷத்துக்கு முன் நடுவில் முற்றம் வைத்து வளவு வீடு கட்டியவர்களுக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. அவர்கள் பார்த்தது கூரையின் வாட்டம், முற்றத்தின் வாட்டம், தெருவின் வாட்டம், கடைசியாக ஊருணி.

சம்ப் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்துக்கும் அது இரவல்தான். பழைய கீழ்ஜெர்மன், டச்சு மொழிகளில் அதற்குச் சதுப்பு நிலம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் சுரங்கக்காரர்கள் அதை, சுரங்கத்தின் அடியில் கசிவுநீர் வந்து தேங்கும் குழிக்குப் பேராக்கினார்கள். அந்த நீரை இறைத்து வெளியே கொட்டினால்தான் வேலை நடக்கும். கார் எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிந்து நிற்கும் கிண்ணமும் சம்ப்தான். ஆக, வடிந்தது தேங்கும் பள்ளம் என்பதே மூலப்பொருள். தென்னிந்தியாவில் அதைக் கொண்டுவந்து குடிநீர்த் தொட்டிக்குச் சூட்டிவிட்டோம். மேல்நாட்டு வீட்டில் சம்ப் பம்பு நிலவறைத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளும். நம் வீட்டில் மாடிக்கு ஏற்றும்.

பேச்சில் 'சம்பு' என்று ஆகிவிட்டதால், சதுப்பில் வளரும் சம்பங்கோரையோடு இதை முடிச்சுப்போடத் தோன்றும். ஒலி ஒற்றுமைதான், உறவு இல்லை. காரைக்குடிக்குக் குடிநீர் தரும் சம்பை ஊற்றுக்கும் இதற்கும் அதே கதை.

நகரத்தில் சம்ப்பின் அளவைத் தீர்மானிப்பது குடும்பத்தின் தலைக்கணக்கு மட்டுமில்லை, லாரியும்தான். 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழத்தில் கட்டினால் 300 கன அடி. ஏறத்தாழ 8,500 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாலு பேருக்கு 15 நாள். ஆனால் வருவது 12,000 லிட்டர் லாரியாக இருந்தால் மிச்சத்துக்கு இடமில்லை, காசு மட்டும் முழு லோடுக்கு. 10க்கு 8க்கு 6 அடி எடுத்து, மேலே அரை அடி காலி விட்டால் 12,400 லிட்டர் நிற்கும். மூடியைத் தரைமட்டத்தில் வைப்பது பலரும் செய்யும் தப்பு. வாசல் கழுவிய தண்ணீரும் மழைச்சேறும் நேரே உள்ளே இறங்கும். அரை அடியாவது உயர்த்திக் கட்ட வேண்டும். உறிஞ்சு குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் நிற்கிற தண்ணீர் இறங்கிவிடும், மோட்டார் காற்றை இழுத்துச் சூடாகும். தளத்தை ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்து, அங்கே சாண் ஆழத்துக்கு ஒரு குழி விட்டால் கழுவும்போது கசடு அதில் சேரும். நியாயமாகப் பார்த்தால் அந்தக் குழிக்குத்தான் சம்ப் என்ற பேர் பொருந்தும்!

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தொட்டி நம்முடையது, தண்ணீர் நம்முடையது இல்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது, நகரத்தில் சம்ப்புக்குப் பஞ்சம் இருக்கவில்லை.

செட்டிநாட்டில் இந்த இடத்தில் இருந்த சொல் ஊருணி. ஊர் + உண் + இ: ஊர் உண்ணும் நீர்நிலை. குடிப்பதையும் உண்ணுதல் என்றே சொன்ன காலத்துச் சொல் இது. தண்ணீர் குடிக்கும் துறையை உண்டுறை என்றதும் அந்த வகைதான். 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று குறள் 215 சொல்வதால், ஊரணி என்று எழுதி 'ஊருக்கு அணி' என்று பிரிப்பதைவிட ஊருணி என்பதே திருத்தமான வடிவம். கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. பேரிலேயே யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் இருக்கின்றன. ஆனால் பேரில் 'ஊர்' இருந்தும், எல்லா ஊருணியிலும் எல்லாச் சாதியாரும் குடம் முக்க முடிந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்ணீர் வரும் வழியைக் கூரையிலிருந்து பார்க்கலாம். வளவு வீட்டின் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரியும். இரண்டு சரிவு சேரும் மூலைகளில் தண்ணீர் தாரையாக விழும். முதல் மழையை அப்படியே ஓட விட்டுவிடுவார்கள். ஓட்டுத் தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். அடுத்த மழைக்கு அண்டாவின் வாயில் வேட்டித்துணியை இறுக்கிக் கட்டித் தாரைக்கு நேரே வைத்தால் சமையலுக்கும் குடிக்கவும் ஆயிற்று. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 25 மில்லிமீட்டர் மழை 2,500 லிட்டர். சிந்தியது, ஓடு உறிஞ்சியது என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 2,000 தேறும். முற்றத்தில் நிறைந்தது கல் மடை வழியாகத் தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும்.

ஊருணிக்கு வரத்துக்கால், கரை, செம்புராங்கல் படித்துறை, மிஞ்சியது வெளியேறப் போக்குக்கால். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு செய்கிற தூர்வாரல்தான். அடியில் படிந்த களிமண்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. ஆழம் கூடட்டும் என்று இயந்திரம் வைத்துச் சரளை தெரியும்வரை வழித்தால், ஐப்பசியில் நிறைந்தது தை பிறக்கும் முன்பே கீழே இறங்கிவிடும். வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். களி தட்டியதும் நிறுத்த வேண்டும். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டினாலோ, யாராவது அதன்மேல் வீடு கட்டினாலோ ஊருணி இருந்தும் பயனில்லை.

கலங்கல் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் கொட்டையை நன்றாக உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி வைத்தால், சில மணி நேரத்தில் சேறு அடியில் படிந்துவிடும். சேறுதான் படியும், கிருமி சாகாது. மேல்தண்ணீரை இறுத்துக் காய்ச்ச வேண்டும்.

சரி, சம்ப்புக்குத் தமிழ்? 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி'க்கு இணையாக அரசு வழக்கில் 'கீழ்நிலை நீர்த்தேக்கத் தொட்டி', 'தரைமட்டத் தொட்டி' எல்லாம் உண்டு. முதலாவது பலகைக்குச் சரி, வாயில் நிற்காது. இரண்டாவது தரைக்கு மேலே நிற்பதையும் குறிக்கும். ஊருணி, கேணி என்று பழஞ்சொல்லைத் தூசு தட்டி வைப்பதும் பொருந்தாது. கேணி ஊறும், ஊருணிக்கு வரத்து உண்டு, இதற்கு இரண்டும் இல்லை. நிலத்தொட்டி என்பதே போதும். மாடித்தொட்டிக்கு நல்ல இணை, சொல்லிப் பார்த்தாலும் தடுக்காது: "லாரி வந்துருச்சு, நிலத்தொட்டி மூடியத் தொறந்து வையிப்பா." கூரைத் தண்ணீர் வடிகட்டி வழியாக அதே தொட்டியில் விழும்படி குழாய் போட்டிருந்தால் மழைத்தொட்டி என்றே சொல்லலாம். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால், வரைபடத்தில் மழைநீர்க் குழாய் ஒன்று எப்படியும் இருக்கும். வீட்டில் இருக்கிறதா, தொட்டியில்தான் விழுகிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு அந்தப் பேரை வையுங்கள்.