மொழி மாறிய வலிப் படிவத்தை எப்படி நம்புவது?

வலியை அளக்க ரத்தப் பரிசோதனை கிடையாது. எலும்புக்குப் பரவிய கட்டியை ஸ்கேனில் பார்த்துவிடலாம்; அது எவ்வளவு வலிக்கிறது என்பதை நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அதனால்தான் புற்றுநோய் சிகிச்சையில் வலிக்கான கேள்விப் படிவத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம். அதை இன்னொரு மொழிக்குக் கொண்டுபோனால், அங்கேயும் அது வலியைத்தான் அளக்கிறது என்று ஆதாரத்தோடு காட்டியாக வேண்டும். மொழிபெயர்ப்பு நன்றாக வந்திருக்கிறது என்று மொழி தெரிந்தவர்கள் சொல்வது அதற்குப் போதாது. நோயாளிகள் தரும் பதில்கள், வலி நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ள வேண்டும். இதைச் சோதிப்பதைத்தான் ஏற்புடைமை ஆய்வு என்கிறோம்.

அதிகம் பயன்படும் படிவங்களில் ஒன்று ‘பிரீஃப் பெயின் இன்வென்டரி’, சுருக்கமாக பிபிஐ. அமெரிக்க உளவியலாளர் சார்ல்ஸ் கிளீலண்டும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. அதன் முன்னோடி வடிவம் 1983-இல் வெளிவந்தது. வலிக்கும் இடத்தைக் குறித்துக் காட்ட அதில் ஓர் உடற்படம் இருக்கும். அப்புறம் கடந்த 24 மணி நேரத்தில் இருந்த அதிகபட்ச வலி, குறைந்தபட்ச வலி, சராசரி வலி, இந்த நிமிடத்து வலி என நான்குக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண் கொடுக்க வேண்டும். பிறகு அந்த வலி அன்றாடச் செயல்பாடு, மனநிலை, நடை, வேலை, மற்றவர்களோடு உறவு, தூக்கம், வாழ்வின் மகிழ்ச்சி ஆகிய ஏழையும் எவ்வளவு பாதித்தது என்று அதே 0–10 அளவில் கேட்கும்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்குவார்கள். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்கு மாற்றுவார். எங்கே பொருள் நழுவியது என்று ஒரு குழு உட்கார்ந்து பார்க்கும்.

இதற்கு அடுத்த கட்டத்தைத்தான் நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். சில நோயாளிகளிடம் படிவத்தைக் கொடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு “இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது? இந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று விசாரிப்பார்கள். பிரச்சினைகள் இங்கேதான் தெரியவரும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் என்ற வலி மருந்தைச் சாப்பிடுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளை மருந்து நெருங்கும்போது அவருக்கு வலி 8, மருந்தைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து 2. ‘சராசரி வலி’ என்றால் அவர் எதைச் சொல்வது? ஒருவர் நடுவில் ஓர் எண்ணைப் போடுவார். இன்னொருவர் வழக்கமாக எப்படி இருக்கும் என்று யோசித்துப் போடுவார். நடையைப் பற்றிய கேள்வியும் இப்படித்தான். சோர்வால் படுக்கையோடு இருப்பவர், “நான்தான் நடக்கவே இல்லையே” என்று 0 போடலாம், 10 போடலாம், காலியாகவும் விடலாம். ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்பக் காலியாக வந்தால், நோயாளியைக் குறை சொல்லாமல் கேள்வியைத்தான் சரிபார்க்க வேண்டும்.

சரி, படிவம் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது பெரிய குழுவிடம் போகிறது. ஒரு கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வேண்டும் என்பது பரவலான கணக்கு. பிபிஐயின் பதினொரு கேள்விக்கு 55 முதல் 110 பேர் வரை தேவைப்படும். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதற்கு குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைப் பார்ப்பார்கள். 0.70-க்கு மேல் இருந்தால் ஏற்பார்கள், 0.95-ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறோமோ என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்தது காரணிப் பகுப்பாய்வு: எந்தெந்தப் பதில்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. பிபிஐயில் வலியின் கடுமை ஒரு கொத்தாகவும், பாதிப்பு இன்னொரு கொத்தாகவும் பிரிய வேண்டும். சில ஆய்வுகளில் பாதிப்பே இரண்டாகப் பிரிந்திருக்கிறது: நடை, வேலை, செயல்பாடு ஒரு பக்கம், மனநிலை, உறவு, மகிழ்ச்சி மறுபக்கம். தூக்கம் எந்தப் பக்கம் சேரும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இரவு முழுக்க வலியோடு விழித்திருப்பது உடலையும் மனதையும் சேர்த்தே அடிக்கும் என்பதால் இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஒரே படிவத்தைச் சில நாள் கழித்து மறுபடி கொடுத்து, அதே பதில் வருகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். புற்றுநோயில் இது சிக்கலானது. இடைவெளி குறைவாக இருந்தால் முந்தைய பதில் நினைவில் இருக்கும்; நீண்டுவிட்டால் வலியே மாறியிருக்கும். அதனால் நோயும் மருந்தும் மாறாமல் இருப்பவர்களை மட்டும் எடுத்து, சில நாட்களுக்குள் முடித்துவிடுகிறார்கள்.

ஒரு புள்ளி கூடினால் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். 1995-இல் அமெரிக்கா, பிரான்ஸ், சீனா, பிலிப்பைன்ஸ் நோயாளிகளின் பதில்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதிகபட்ச வலி 1 முதல் 4 வரை லேசானது, 5, 6 மிதமானது, 7 முதல் கடுமையானது என்று பிரித்தார்கள். வலி 5-ஐத் தொடும்போதும் 7-ஐத் தொடும்போதும் அன்றாட வாழ்வின் பாதிப்பு சட்டென்று உயர்ந்ததுதான் அந்த எல்லைகளுக்கு அடிப்படை. மொழிபெயர்ப்பில் உள்ள ஒரு கோளாறு 7-ஐ 6 ஆக்கினால், கடுமையான வலியில் துடிப்பவர் மிதமான வலிக்காரராகிவிடுவார். அவருக்குக் கிடைக்கும் மருந்தும் அதற்கேற்பக் குறையலாம்.

தங்கள் வலியைத் தாங்களே குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. வலி கூடினால் நோய் முற்றிவிட்டது என்ற பயம், மார்ஃபினுக்கு அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சம், மருத்துவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற தயக்கம் எல்லாம் இருக்கும். படிக்கத் தெரியாதவருக்கு வேறொருவர் கேள்விகளை வாசித்துக் காட்டும்போது, பக்கத்தில் குடும்பத்தார் நின்றாலே பதில் மாறக்கூடும். யார் வாசித்தார், யார் உடனிருந்தார் என்பதையும் ஆய்வில் பதிவு செய்வது அவசியம் என்பேன்.

கடைசியாக, வலி மாறும்போது எண்ணும் மாறுகிறதா என்ற கேள்வி. எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் கதிர்வீச்சு கொடுத்தால் பலருக்குச் சில வாரங்களில் வலி குறைகிறது. படிவத்திலும் அது தெரிய வேண்டும். அதிகபட்ச வலி 2 புள்ளியாவது இறங்கினால் பலன் கிடைத்திருக்கிறது என்று கதிர்வீச்சு ஆய்வுகளில் கணக்கிடுகிறார்கள். அதற்கு ஒரு நிபந்தனை, வலி மருந்தின் அளவைக் கூட்டியிருக்கக் கூடாது. எனவே அன்று என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதையும் ஒவ்வொரு படிவத்தோடும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.