பெரியம்மாவின் கோலமும் பார்வையில்லாத ஓவியர்களும்

மதுரை அனுப்பானடியில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்குக் கண் அழுத்த நோயால் இரண்டு கண்ணும் போய்ப் பல வருடம் ஆகிறது. கிளாக்கோமா என்பார்கள் டாக்டர்கள். இன்றைக்கும் மார்கழி பிறந்தால் அந்த வீட்டு வாசல் கோலம் அவர் கைதான். போன மார்கழியில் ஒருநாள் விடியுமுன் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். "டேய், புள்ளிய மிதிச்சிறாத. படியில ஏறி நில்லு" என்றார்.

தண்ணீர் தெளித்த தரையில் உட்கார்ந்து, வாசல்படியை இடது கையால் தடவி நடுவைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து ஒரு சாண் தள்ளி முதல் புள்ளி. அப்புறம் இடது கையின் நாலு விரலையும் சேர்த்துப் புள்ளியை ஒட்டித் தரையில் வைத்தார். சுண்டுவிரலுக்கு அந்தப் பக்கம் அடுத்த புள்ளி. நாலு விரற்கடை, மறுபடியும் நாலு விரற்கடை என்று ஒன்பது புள்ளிகள் ஒரே வரிசையில் விழுந்தன. சிக்கு இழுக்கும்போது வலது கை மாவை விட்டுக்கொண்டே வர, இடது கை ஆள்காட்டி விரல் ஒரு புள்ளி முன்னால் போய் அதன் தலையை லேசாகத் தொட்டபடி காத்திருந்தது. கோடு வந்து சேர்ந்ததும் விரல் அடுத்த புள்ளிக்கு நகரும். முழுக் கோலத்திலும் ஒரே ஓர் இடத்தில்தான் கோடு புள்ளியை உரசியது.

அதற்குப் பிறகுதான் பார்வையில்லாதவர்கள் வரைந்து பரிசு வாங்கிய ஓவியங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், 1858-இல் தொடங்கிய பார்வையற்றோருக்கான அச்சகம் ஒன்று, பார்வையற்ற, பார்வை குறைந்த கலைஞர்களுக்கென்றே ஓவியப் போட்டி நடத்துகிறது. இந்த மாதிரிப் படங்களை 'அதிசயம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அது எப்படி நடக்கிறது என்பது சொல்லக்கூடிய விஷயம்.

எஷ்ரெஃப் அர்மாகன் என்பவர் 1953-இல் துருக்கியில் பிறந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை; ஓவியம் யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் அவர் படங்களில் வீடு, படகு, மலை, மீன் எல்லாம் பார்க்கிறவருக்குச் சட்டென்று புரிகிறபடி இருக்கும். முதலில் கோட்டைத் தாளில் அழுத்திக் கீறிக்கொள்வார். பிறகு விரலாலேயே அக்ரிலிக் வண்ணம் பூசுவார். ஒரு வண்ணம் காய்ந்த பிறகுதான் அடுத்தது, இல்லாவிட்டால் இரண்டும் குழம்பிவிடும்.

ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அவரை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து வரையச் சொன்னார்கள். ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பிறகு அதை வரைய வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா கிறுக்கவும் சொன்னார்கள். கை அசைவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பொருளை வரைந்தபோது மட்டும், பின்மண்டைக்குள் இருக்கும் பார்வைப் பகுதி நன்றாக வேலை செய்தது. வரையப்போகும் படத்தை மனதில் நினைக்கச் சொன்னபோதும் அதில் சில இடங்கள் கொஞ்சம் விழித்துக்கொண்டன. 2008-இல் இந்த முடிவு வெளிவந்தது.

கண்ணிலிருந்து ஒரு சேதியும் வராத இடம் எதற்காக வேலை செய்ய வேண்டும்? மூளையில் எந்த இடமும் வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடப்பதில்லை. பார்வை நரம்பு வழியாக எதுவும் வராவிட்டால், தொடுதலும் கேட்டலும் அந்த இடத்துக்குள் குடிவருகின்றன. பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலைப் படிக்கும்போது பார்வைப் பகுதி வேலை செய்வதை 1996-லேயே கண்டுவிட்டார்கள். அப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது: அந்த இடம் உண்மையிலேயே உதவுகிறதா, வெறுமனே கூடச் சேர்ந்து துடிக்கிறதா? அதற்கு விடை ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு பெண். பிரெயிலில் நல்ல தேர்ச்சி உள்ளவர். பக்கவாதத்தில் அவருக்குப் பின்மண்டைக்குள் இருக்கும் அந்தப் பார்வைப் பகுதியில் இரண்டு பக்கமும் அடிபட்டது. அதன் பிறகு அவரால் பிரெயில் படிக்க முடியவில்லை. கையில் உணர்ச்சி இருந்தது, பொருள்களைத் தொட்டு அடையாளம் சொல்லவும் முடிந்தது. புள்ளிகளை எழுத்தாகக் கோக்கிற வேலைதான் நின்றுபோயிருந்தது.

விரல் நுனியிலேயே நாலு வகை உணரிகள் உண்டு. ஒரு விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மெர்க்கெல் என்ற வகை சொல்கிறது. மற்றவை நழுவலையும் அதிர்வையும் தோல் இழுபடுவதையும் சொல்கின்றன. பிரெயில் புள்ளிகளுக்கு நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. விரல் அதைப் பிரித்துவிடும். முதுகில் இரண்டு தீக்குச்சியை நாலு சென்டிமீட்டர் தள்ளிவைத்துத் தொட்டால்கூடப் பல சமயம் ஒரு குச்சி மாதிரிதான் தெரியும்.

விளிம்புதான் இங்கே முக்கியம். கோட்டோவியம் என்பது விளிம்புகளின் படம். மேசை எங்கே முடிகிறது என்பது கண்ணுக்கும் தெரியும், கைக்கும் தெரியும். அதனால்தான் பார்வையில்லாதவர் போட்ட கோடு பார்க்கிறவருக்கும் புரிகிறது என்பது, இதைப் பல வருடம் ஆராய்ந்த டொரொன்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடியின் விளக்கம்.

சரி, தூரம்? தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்பது கண் மட்டும் சொல்லும் சேதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற தூண்கள், வரிசை வரிசையாக. இரண்டு வரிசைக்கு நடுவே நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருக்கும் இடது தூணை இடது கையாலும் வலது தூணை வலது கையாலும் சுட்டுங்கள். கைகள் அகலமாக விரிந்திருக்கும். அடுத்த ஜோடியைச் சுட்டினால் கொஞ்சம் ஒடுங்கும். கடைசி ஜோடிக்குப் போகும்போது இரண்டு கையும் ஏறக்குறைய ஒட்டிவிடும். தூண்களின் இடைவெளி மாறவே இல்லை, கைகளின் கோணம்தான் குறுகியது. அந்தக் கோணத்தை அப்படியே தாளில் இறக்கினால் அதுதான் தொலைவுக் காட்சி. நடந்து பழகிய எந்தப் பார்வையற்றவருக்கும் இந்தக் கோணம் உடம்பிலேயே இருக்கிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தை வைத்துத்தான் புருனெல்லெஸ்கி 15-ஆம் நூற்றாண்டில் தொலைவுக் காட்சி விதியைச் செய்து காட்டினார். அதே கட்டடத்தின் முன்னால் அர்மாகனையும் வரையச் சொன்னார்கள். பின்னால் போகப்போக ஒடுங்கும் சுவர்களோடு வரைந்தார்.

'பார்வையற்ற ஓவியர்' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லோரும் அர்மாகனைப் போல இல்லை. நம் சட்டப்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழே இருந்தால் அது பார்வையின்மை. மற்றவர் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டருக்கு வந்தாலும் பார்க்க முடியாத நிலை. அப்படியானால் நிழல், வெளிச்சம், கொஞ்சம் நிறம் தெரிகிறவர்களும் இதில் வருவார்கள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டால் முகம் தெரியாது, ஓரம் தெரியும். கிளாக்கோமாவில் பெரும்பாலும் ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும். கண்புரையில் எல்லாமே பழுப்பேறிய கண்ணாடி வழியாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓவியத்தில் வேறு வேறு தடம் விடும்.

கண்புரைக்கு மோனேதான் சாட்சி. பழுத்த லென்ஸ் நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் அந்தப் பிரெஞ்சு ஓவியரின் குளமும் பாலமும் சிவப்பும் பழுப்புமாக மாறிப்போயின. வண்ணக் குழாயில் எழுதியிருக்கும் பெயரையும் பலகையில் வைத்த வரிசையையும் நம்பி வரைந்தார். 1923-இல் புரையை எடுத்தார்கள்; உள்ளே வைக்கச் செயற்கை லென்ஸ் அப்போது கிடையாது. 1949-இல்தான் லண்டனில் ஹரோல்டு ரிட்லி முதல் லென்ஸைப் பொருத்தினார். அந்த லென்ஸை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்த வேலையில் நம் ஊருக்குப் பெரிய பங்குண்டு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992 முதல் மதுரையிலேயே லென்ஸ் தயாராகிறது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன கையோடுதான் அவர் ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவைசிகிச்சை செய்தார். கையைப் பற்றி எழுதும்போது அவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கண் போன பிறகும் வரைந்தவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி. சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மறு கண்ணில் கடும் கிட்டப்பார்வை. அந்த ஒற்றைக் கண்ணோடு 1940-களில் அங்குள்ள இந்தி பவனத்துச் சுவரில் இடைக்காலத்து பக்திக் கவிகளின் வாழ்க்கையைப் பெரிய சுவரோவியமாக வரைந்தார். 1950-களில், ஐம்பதைக் கடந்த வயதில், கண் அறுவைசிகிச்சை பலிக்காமல் முழுப் பார்வையும் போனது. அப்புறம் காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் செய்தார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலா பவனத்துக்கு ஓடுகளால் ஆன சுவரோவியமே செய்தார். 1974-இல் பத்ம விபூஷண் கிடைத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத அர்மாகன் தொட்டதிலிருந்து படத்தைக் கட்டுகிறார். ஐம்பது வருடம் பார்த்த முகர்ஜிக்கு நினைவே பாதிப் படத்தைக் கொடுத்துவிடும். மீதியைக் கத்தரியும் விரலும் பார்த்துக்கொள்ளும்.

நிறம்தான் தொட்டால் தெரியாதது. அர்மாகன் எதற்கு என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். 2001-இல் பார்வை போன டெக்சாஸ் ஓவியர் ஜான் பிராம்ப்ளிட், வண்ணத்தின் பதத்தை வைத்துப் பிரிக்கிறார். வெள்ளை விரலில் பற்பசை மாதிரிக் கெட்டியாக இருக்கும், கறுப்பு வழுக்கிக்கொண்டு ஓடும் என்கிறார். பதம் போதாத வண்ணத்தில் வேறு வேறு கலவைகளைச் சேர்த்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பதம் கொண்டுவந்துவிடுகிறார்.

இதைப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து நாலு டப்பாவை எடுத்துவந்தார். பொங்கல் கலர்ப் பொடிகள். சிவப்பைக் கல் உப்பில் கலந்திருக்கிறார், மஞ்சளைப் பொடி உப்பில். பச்சை ஆற்று மணலில், நீலம் வெறும் கோலமாவில். ஒரு டப்பாவில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். நறநறவென்று சத்தம் கேட்டது.

"இது பச்ச. இந்தா, கையை நீட்டு" என்றார்.