வீட்டு சர்வரில் மென்பொருள் களஞ்சியமா? அந்த எர்ரரை அணைக்காதீர்கள்

நண்பர் ஒருவர் வீட்டில் ஐந்து லினக்ஸ் கணினிகள். ஒரே அப்டேட்டை ஐந்து தடவை இறக்க வேண்டாமே என்று ஒரு குட்டி சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகையின் களஞ்சியத்தை, அதாவது அதன் மென்பொருள் பேக்கேஜ்கள் இருக்கும் கிடங்கை, பிரதியெடுத்து வைத்திருந்தார். வேறு வேலையாகப் போன நான், ஒரு கணினியில் அப்டேட் இருக்கிறதா என்று பார்த்தேன். எதுவும் இல்லை என்றது. ஆனால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஐந்து மாதப் பழசு. சர்வரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பி, பிரதி எடுக்கும் வேலை எப்போதோ நின்றுபோயிருக்கிறது.

இப்படி நின்றால், டெபியனில் மென்பொருளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் சொல்லியிருக்க வேண்டுமே? சொல்லித்தான் இருக்கிறது. களஞ்சியத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ரிலீஸ் கோப்பில் வேலிட்-அன்டில் என்று ஒரு காலாவதித் தேதி உண்டு. டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அது ஒரு வார அளவுதான். தேதி தாண்டினால் அந்தக் கோப்பை ஏற்க ஆப்ட் மறுத்துவிடும். அந்த எர்ரர் வந்ததும் நண்பர் இணையத்தில் தேடி, சோதனையையே அணைக்கும் ஒரு வரியை ஐந்து கணினிகளிலும் போட்டுவிட்டார். எர்ரர் போனது. அன்றிலிருந்து ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வரவில்லை.

இதே மாதிரி இன்னொரு வரி இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகக் கவலை. சொந்தமாகச் செய்த பேக்கேஜ்களை வைக்கும்போது யார் வெளியிட்டது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் களஞ்சியத்தில் இல்லை என்று ஆப்ட் மறுக்கும். உடனே, களஞ்சியத்தின் முகவரியைச் சொல்லும் மூல வரியில் டிரஸ்டட்=யெஸ் (கையொப்பம் இல்லாவிட்டாலும் நம்பு) என்று சேர்த்துவிடுகிறார்கள். 'வீட்டுக்குள்தானே' என்பார்கள். ஒரு பேக்கேஜை நிறுவும்போது அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள் கணினியில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு ஓடுகின்றன. அதே வைஃபையில் பல வருடமாக அப்டேட் பார்க்காத கேமராவும் விருந்தாளியின் போனும் இருக்கலாம். அதில் ஒன்று உங்கள் சர்வர் போல நடித்தால், கணினி மறுபேச்சில்லாமல் நம்பிவிடும்.

கையொப்பம் எப்படிக் காக்கிறது என்றால், ஒவ்வொரு பேக்கேஜின் எஸ்எச்ஏ256 மதிப்பும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை போன்ற ஓர் எண்) பேக்கேஜஸ் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் மதிப்பு ரிலீஸ் கோப்பில் இருக்கிறது. ரிலீஸ் கோப்பில் கையொப்பம். இந்தச் சங்கிலி இருப்பதால்தான் டெபியன் மிரர்கள் (பிரதி சர்வர்கள்) மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியிலேயே இத்தனை காலம் ஓடின. அதற்காக எச்டிடிபிஎஸ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 2019 ஜனவரியில், ஆப்ட் எச்டிடிபி திருப்பிவிடல்களைக் கையாண்ட விதத்திலேயே ஓர் ஓட்டை வெளிவந்தது. நடுவில் இருப்பவர் தன் பேக்கேஜை உள்ளே நுழைக்க அது வழிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? களஞ்சியம் கட்டும் ரெப்ரெப்ரோ போன்ற கருவி கையொப்பத்தையும் சேர்த்தே போட்டுவிடும். ஆனால் கையொப்பமிடப் பயன்படும் தனித் திறவுகோலை அந்த வெப் சர்வரில் வைக்காதீர்கள். உங்கள் மேசைக் கணினியிலேயே களஞ்சியத்தைக் கட்டி, கையொப்பமிட்டு, ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியில் சர்வருக்கு அனுப்புங்கள். சர்வருக்குக் கோப்பைப் பரிமாறும் வேலை மட்டும் போதும். அதை யாராவது உடைத்து உள்ளே வந்தாலும் உங்கள் பெயரில் கையொப்பமிட முடியாது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோலைப் பழைய ஆப்ட்-கீ வழியில் சேர்க்க வேண்டாம். அப்படிச் சேர்த்த திறவுகோலை எல்லாக் களஞ்சியங்களுக்கும் ஆப்ட் நம்பும். மூல வரியில் சைன்டு-பை என்று குறிப்பிட்டால் உங்கள் களஞ்சியத்துக்கு மட்டும் நம்பும். பேக்கேஜ் பெயருக்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு முன்னொட்டு வையுங்கள். டெபியனிலும் அதே பெயர் இருந்தால், பதிப்பு எண் பெரியதாக இருப்பதே நிறுவப்படும்.

டேட்டா மிச்சம்தான் நோக்கம் என்றால் முழுப் பிரதியே தேவையில்லை. ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இடைநிலை சர்வர் மென்பொருள் போதும். 3142 போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு, யாராவது கேட்டதை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். டெபியனின் கையொப்பமும் காலாவதித் தேதியும் அப்படியே கணினிவரை வந்து சேரும்.

நண்பர் வீட்டில் அன்றைக்கே டிஸ்கைக் காலி செய்து, ஐந்து கணினிகளிலும் அந்த வரியை எடுத்தோம். அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினோம். பாதுகாப்புக் களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு உருவான தேதி மூன்று நாளுக்கு மேல் பழசானால் அவருடைய போனுக்குச் செய்தி போகும்.